சின்ன லேப்டாப் யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

திரை 11 அங்குலத்துக்கு உட்பட்ட மினி லேப்டாப்புகளைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து, ஒவ்வொரு வகைக்கும் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு பதில் தருகிறோம்.

சேலத்தில் வசித்துக்கொண்டு நாமக்கல் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். தினமும் பேருந்தில்தான் போய் வருகிறேன். 15.6 அங்குல லேப்டாப்பைச் சுமந்து தோள்பட்டை வலியே வந்துவிட்டது. இணையத்தில் 10.5 அங்குல மினி லேப்டாப் ஒன்றைப் பார்த்தேன். அதற்கு மாறிவிடலாமா?

உங்களுடைய தொல்லை எடையா அல்லது இடமா என்பதை முதலில் நீங்கள் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். விளம்பரங்கள் இரண்டையும் ஒன்றாகக் காட்டினாலும், உண்மையில் அவை வேறு வேறு. நீங்கள் பார்த்த அளவில் பரவலாகக் கிடைப்பது சூவி நிறுவனத்தின் மினிபுக் எக்ஸ்; அதன் திரை 10.5 அங்குலம், எடை ஏறத்தாழ 920 கிராம். எல்.ஜி. நிறுவனத்தின் கிராம் வரிசையில் 14 அங்குலத் திரையுடன் வரும் லேப்டாப்பின் எடை 999 கிராம். அதாவது திரையில் மூன்றரை அங்குலத்தை விட்டுக்கொடுத்து நீங்கள் பெறுவது ஒரு குளியல் சோப்பின் எடை அளவுக்கே இருக்கும். வித்தியாசம் விலையில்தான்: பெரிய திரையையும் ஒரு கிலோவுக்குள் அடக்கித் தரும் கருவிகளுக்குப் பெரும்பாலும் ஒரு லட்சம் ரூபாயை ஒட்டிச் செலவழிக்க வேண்டியிருக்கும்; மினி லேப்டாப்போ அதில் பாதிக்கும் கீழே முடிந்துவிடும். குறைந்த எடை, பெரிய திரை, குறைந்த விலை ஆகிய மூன்றில் இரண்டைத்தான் கடை உங்களுக்குத் தரும்.

இப்போது வைத்திருக்கும் பையை அப்படியே ஒரு தராசில் வைத்துப் பாருங்கள். இரண்டு கிலோ லேப்டாப்போடு அதன் செங்கல் போன்ற சார்ஜரும் கம்பியுமாகச் சேர்ந்து இன்னும் முந்நூறு, நானூறு கிராம் ஏறும். மினி லேப்டாப்புகள் பெரும்பாலும் யு.எஸ்.பி.-சி வழியாக மின்னேற்றம் பெறுவதால், கைப்பேசிச் சார்ஜரைவிடச் சற்றே பெரிய ஒன்று போதும். இந்த வகையில் கிடைக்கும் எடைக் குறைப்பு உண்மையானது. ஆனால் வகுப்பறையில் புரொஜெக்டரோடு இணைக்க எச்.டி.எம்.ஐ. அல்லது பழைய வி.ஜி.ஏ. கம்பிதானே தொங்கிக்கொண்டிருக்கும்? மினி லேப்டாப்புகள் பலவற்றில் யு.எஸ்.பி.-சி துளைகள் மட்டுமே இருப்பதால், அதற்கென ஓர் இணைப்பானையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அதை வீட்டில் மறந்துவிட்டு வந்தால் அன்றைய பாடம் கரும்பலகையில்தான்.

பேட்டரியையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். இத்தகைய கருவிகளில் இருப்பது சுமார் 28 வாட்-மணி பேட்டரி. எழுத்து வேலை, இணையம் என்று மிதமாகப் பயன்படுத்தினால் 7 வாட் செலவாகும் என்று வைத்துக்கொண்டால், 28-ஐ 7-ஆல் வகுக்க நான்கு மணி நேரம் வருகிறது. விளம்பரத்தில் எத்தனை மணி போட்டிருந்தாலும் இந்த வகுத்தல்தான் உண்மையைச் சொல்லும். ஒப்பீட்டுக்காக, ஆப்பிளின் எம்2 சில்லு கொண்ட 13 அங்குல மேக்புக் ஏரில் 52.6 வாட்-மணி பேட்டரி இருக்கிறது, எடை 1.24 கிலோ.

பேருந்து இருக்கையில் மடிமீது வைத்துத் திறப்பதற்கு மினி லேப்டாப்பை மிஞ்சியது எதுவுமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். முன் இருக்கைக்காரர் சாய்ந்தால் பெரிய லேப்டாப்பின் மூடி நசுங்குமோ என்று பதற வேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரின் முழங்கையையும் இடிக்காது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது தோள்பட்டை வலியைப் பற்றி. ஆகவே விலைக்கு வழியிருந்தால், உங்கள் ஊரில் சேவை மையம் உள்ள நிறுவனத்தின் 13 அல்லது 14 அங்குல லேப்டாப் ஒன்றை, 1.3 கிலோவுக்கு மிகாமல் பார்த்து வாங்குவதையே பரிந்துரைப்பேன். பழைய 15.6 அங்குலத்தை வீட்டு மேசையிலேயே நிரந்தரமாக விட்டுவிட்டு, பயணத்துக்கு மட்டும் குறைந்த செலவில் ஒன்று போதும் என்றால் மினி லேப்டாப் நல்ல தேர்வு.

புதுக்கோட்டையில் இருந்துகொண்டு மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். தமிழ்99 முறையில் வேகமாகத் தட்டச்சு செய்வேன். 8 அங்குல லேப்டாப்பில் நாள் முழுவதும் எழுத முடியுமா?

எழுத முடியும் என்றாலும், நாள் முழுவதும் என்று நீங்கள் கேட்பதால் வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் தமிழ்99 விசைப்பலகையின் அமைப்பிலேயே இருக்கிறது.

சாதாரண விசைப்பலகையில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை 19 மில்லிமீட்டர் இருக்கும். கியூ (Q) என்ற எழுத்திலிருந்து பி (P) என்ற எழுத்து வரை ஒன்பது இடைவெளிகள் இருப்பதால், அந்த நீளம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் வர வேண்டும். 8 அங்குலக் கருவிகளில் ஓர் இடைவெளி 16 மில்லிமீட்டரை ஒட்டி இருப்பதால் அது 14½ சென்டிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. கடைக்குப் போகும்போது ஓர் அளவுகோலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், விற்பனையாளரின் விளக்கம் உங்களுக்குத் தேவைப்படாது.

இந்தச் சுருக்கத்துக்குக்கூட விரல்கள் சில வாரங்களில் பழகிவிடும். பழகாதது வேறொன்று. இடம் போதாதபோது தயாரிப்பாளர்கள் ஆங்கில எழுத்துகளைத் தொடுவதில்லை. வலது ஓரத்தில் உள்ள குறியீட்டு விசைகளைத்தான் பாதியாகக் குறுக்குகிறார்கள், அல்லது மேல் வரிசைக்கோ கீழ் மூலைக்கோ தள்ளிவிடுகிறார்கள். 2007-இல் வந்த அசுஸ் ஈ பிசி 701 என்ற சிறு லேப்டாப்பில் வலது ஷிஃப்ட் விசையை மேல் அம்புக்குறிக்கும் அப்பால் தள்ளியிருந்தார்கள்; பெரிய எழுத்து போடப் போய், கர்சர் முந்தைய வரிக்குத் தாவியதைப் பயன்படுத்தியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அரைப்புள்ளியும் சதுர அடைப்புக்குறியும் எப்போதாவது வருவன. ஆகவே ஆங்கில மதிப்புரைகளில் 'பழகிவிட்டால் குறையில்லை' என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ்99-இலோ அரைப்புள்ளி விசையில் ந, ஒற்றை மேற்கோள் விசையில் ய, சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ, சாய்கோட்டு விசையில் ழ இருக்கின்றன. 'முயற்சி செய்ய நினைத்தேன்' என்ற மூன்று சொற்களை அடித்துப் பாருங்கள். உங்கள் வலது சுண்டுவிரல் எத்தனை முறை அந்த ஓரத்துக்குப் போகிறது என்பது விளங்கிவிடும். ய என்ற எழுத்தைக் குட்டி விசை ஒன்றில் தேடிக்கொண்டே பக்கம் பக்கமாக மொழிபெயர்ப்பது நடவாத காரியம்.

அஞ்சல் போன்ற ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்களுடைய வேலை பெரும்பாலும் ஆங்கில எழுத்து விசைகளிலேயே முடிந்துவிடுகிறது. தமிழ்99-ஐ விடாமலேயே சிறிய லேப்டாப் வேண்டும் என்றால் 10 அங்குலத்துக்குக் கீழே இறங்காதீர்கள். வாங்கும் முன் விசைப்பலகையின் படத்தைப் பெரிதாக்கி, நான் குறிப்பிட்ட ஐந்து விசைகளும் தத்தம் இடத்தில், முழு அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

மெய்ப்புப் பார்க்கும் வேலையும் உங்களுக்கு இருக்கும் என்பதால் இன்னொன்றையும் சேர்க்கிறேன். 10.5 அங்குலத் திரையில் 1920-க்கு 1200 புள்ளிகள் இருந்தால், ஓர் அங்குலத்துக்கு 215 புள்ளிகள் வருகின்றன. எழுத்து மிகத் தெளிவாக இருக்கும். ஆனால் விண்டோஸ் அமைப்பில் திரையின் எழுத்தளவை 100 சதவீதத்தில் வைத்தால் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. 150 சதவீதத்துக்கு ஏற்றினால், திரையில் கொள்ளும் பொருள் 1280-க்கு 800 அளவுக்குக் குறைந்துவிடும். மூலத்தை ஒரு பக்கமும் மொழிபெயர்ப்பை மறுபக்கமும் திறந்து வைப்பது அப்போது சிரமம். நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு 175 சதவீதம்கூடத் தேவைப்படலாம்.

கோவையில் நூற்பாலை ஒன்றில் பராமரிப்புப் பொறியாளர். இயந்திரங்களின் பி.எல்.சி.யில் (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில்) சின்னச் சின்ன மாற்றங்கள் செய்ய, லேப்டாப்பை ஒரு கையில் ஏந்திக்கொண்டு மறுகையால் தட்ட வேண்டியிருக்கிறது. மினி லேப்டாப் சரிப்படுமா?

இந்தக் கடிதங்களிலேயே மினி லேப்டாப்புக்கு முழுத் தகுதி உள்ளவர் நீங்கள்தான். மேசையே இல்லாத இடத்தில், நின்றுகொண்டு, பத்து நிமிட வேலையாகப் பயன்படுத்துபவருக்காகவே இந்த வகை பிழைத்துக் கிடக்கிறது என்றுகூடச் சொல்லலாம். ஷென்ஜென் நகரைச் சேர்ந்த ஜி.பி.டி. நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த மைக்ரோ பிசி, 6 அங்குலத் திரையும் சுமார் 440 கிராம் எடையும் கொண்டது. இயந்திரங்களோடு நேரடியாக இணைக்க உதவும் ஆர்.எஸ்.232 சீரியல் துளையும், கம்பிவழி வலையமைப்புக்கான ஈதர்நெட் துளையும் அதன் உடலிலேயே இருந்தன. இரண்டு பெருவிரல்களாலும் அடிக்கும் வகையில் விசைகளும் அமைந்திருந்தன. பெரிய நிறுவனங்களின் மெல்லிய லேப்டாப்புகளில் இந்தத் துளைகள் எப்போதோ காணாமல் போய்விட்டன. அதே நிறுவனம் 2021-இல் வெளியிட்ட பாக்கெட் 3-இல், பின்புறத்தின் ஒரு சிறு பகுதியைக் கழற்றி ஆர்.எஸ்.232 துளையுள்ள பகுதியைப் பொருத்திக்கொள்ளும் வசதி உண்டு.

வாங்குவதற்கு முன் உங்கள் பி.எல்.சி. எந்த நிறுவனத்துடையது என்று பாருங்கள். டெல்டாவின் டபிள்யூ.பி.எல்.சாஃப்ட் போன்ற இலகுவான மென்பொருள் என்றால், இந்தக் கருவிகளில் தடையின்றி ஓடும். சீமென்ஸின் டி.ஐ.ஏ. போர்ட்டல் என்றால் கதை வேறு. அந்நிறுவனமே 16 ஜி.பி. ராமும் 15.6 அங்குல முழு எச்.டி. திரையும் பரிந்துரைக்கிறது. அதை 6 அங்குலத்தில் திறந்தால், பி.எல்.சி. நிரலைக் காட்டும் ஏணிப்படம் எறும்பு ஊர்வதுபோல் தெரியும். அலுவலக அறையில் பெரிய கணினியும், ஆலைத் தளத்துக்குச் சிறியதுமாக வைத்துக்கொள்வதே முறை.

சீரியல் துளை இல்லாத மாடல் அமைந்தால் யு.எஸ்.பி. மாற்றுக் கம்பி போதும். ஆனால் மலிவுக் கம்பிகளில் போலிச் சில்லுகள் உலவுவதால், நடுராத்திரியில் இயந்திரம் நின்றபோது கம்பியை இயக்கும் டிரைவர் மென்பொருள் கிடைக்காமல் தவிக்க நேரும். சற்றுக் கூடக் கொடுத்து நல்ல கம்பியாக வாங்கிவிடுங்கள். பஞ்சுத் தூசியையும் மறந்துவிட வேண்டாம்: இந்தச் சிறு கருவிகளின் விசிறி ஒரு நாணயத்தைவிடச் சற்றே பெரியது, காற்றுத் துளையில் பஞ்சு படிந்தால் வேகம் சட்டென்று விழும். வாரத்துக்கு ஒரு முறை, கருவியை அணைத்துவிட்டு, மென்மையான தூரிகையால் துளைகளைத் துடைத்துவிடுவது நல்லது.

என் மகன் பொறியியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறான். அவனுக்கு ஒரே கணினியாக மினி லேப்டாப் வாங்கித் தரலாமா?

வேண்டாம். சி, பைத்தான் போன்ற பாடங்கள் வரை அது தாங்கும். கணினியில் பொறியியல் படம் வரையும் கேட் (CAD) மென்பொருளோ, கைப்பேசிச் செயலி எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவோ வந்த நாளிலேயே வேறொன்று கேட்பான். நான்கு ஆண்டுகள் ஓட வேண்டிய ஒரே கணினிக்கு 14 அங்குலத் திரையும் 16 ஜி.பி. ராமும் இருக்கட்டும்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனர் பொங்கலுக்கு வரும்போது ஒரு மினி லேப்டாப் வாங்கி வருவதாகச் சொல்கிறார். சுங்கத்தில் பிரச்சினை வருமா? உத்தரவாதம் இங்கே செல்லுமா?

18 வயது நிரம்பிய பயணி ஒருவர் தம்முடன் ஒரு மடிக்கணினியைத் தீர்வையின்றிக் கொண்டு வரலாம் என்பது இந்தியச் சுங்க விதி. ஒன்று என்பதைக் கவனியுங்கள். அவர் தம் சொந்த லேப்டாப்பையும் கொண்டுவருகிறார் என்றால், உங்களுடையதை உடன் வரும் இன்னொருவர் வைத்துக்கொள்வது நல்லது. வெளிநாட்டு இணையக் கடையிலிருந்து கூரியரில் வரவழைப்பது வேறு வழி. 2023 ஆகஸ்டில் லேப்டாப் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோதும், அஞ்சலிலோ கூரியரிலோ வரும் ஒரே ஒரு கருவிக்கு உரிமம் தேவையில்லை என்று விலக்களித்தது. ஆனால் அதற்குப் பொருந்தும் வரியைக் கட்டியாக வேண்டும்.

உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, இந்தச் சிறு நிறுவனங்கள் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் விற்ற கடையோடு நிற்பது. பழுது வந்தால் கருவியை விற்றவருக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அதிலும் பேட்டரி வீங்கிவிட்டால் விமான வழியாக அனுப்பவே இயலாது, ஏனென்றால் சேதமடைந்த லித்தியம் பேட்டரிகளை விமானச் சரக்கில் ஏற்ற அனுமதியில்லை. சென்னை ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனால் எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்பகத்தை மாற்றித் தருவார்கள், சார்ஜிங் துளையைப் பற்றவைத்துத் தருவார்கள். ஆனால் திரையோ விசைப்பலகையோ போய்விட்டால், அந்த மாடலுக்கே உரிய பாகம் எளிதில் கிடைக்காது. ஆகவே விலையைக் கணக்கிடும்போது, இதை உத்தரவாதமே இல்லாத பொருளாக எண்ணிக்கொண்டு, அப்போதும் மனம் ஒப்புகிறதா என்று பாருங்கள். மைத்துனரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: பெட்டியோடு வரும் சார்ஜரின் முனை, சிங்கப்பூர் வழக்கப்படி தட்டையான மூன்று கால்களோடு இருக்கும். இங்கே மாற்று முனையைச் செருகி ஒப்பேற்றுவதைவிட, நம் நாட்டுத் தரச்சான்று பெற்ற 45 அல்லது 65 வாட் யு.எஸ்.பி.-சி சார்ஜர் ஒன்றை வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

மினி லேப்டாப் விளம்பரங்களில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? சென்னை வெயிலில் சூடாகாதா?

முதலில் சேமிப்பகம். 'இ.எம்.எம்.சி.' என்று போட்டிருந்தால் தள்ளிவிடுங்கள். அது பலகையோடு பற்றவைக்கப்பட்ட, வேகம் குறைந்த நினைவகம். நிறைந்தாலும் கெட்டாலும் மாற்ற முடியாது. கழற்றிச் செருகும் எம்.2 வகை எஸ்.எஸ்.டி. என்றால் பின்னால் மாற்றிக்கொள்ளலாம். ராம் பெரும்பாலும் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும் என்பதால், வாங்கும்போதே 12 அல்லது 16 ஜி.பி. இருக்க வேண்டும். விண்டோஸ் 11-க்கு 4 ஜி.பி. போதும் என்று மைக்ரோசாஃப்ட் எழுதி வைத்திருப்பது, ஏற்றிவிடுவதற்கான கணக்கு. வேலை செய்வதற்கான கணக்கு அல்ல. அதே பட்டியலில் திரை 9 அங்குலத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. இருந்தும் 8 அங்குலக் கருவிகள் விண்டோஸ் 11-உடன் விற்கத்தான் விற்கின்றன.

செயலியில், 2023-இல் வந்த இன்டெல் என்100 மலிவு விலைக் கருவிகளுக்குப் போதுமானது. நான்கு கருக்கள் (கோர்), 6 வாட் மின்செலவு. இணையம், எழுத்து, காணொளி எல்லாம் நன்றாக ஓடும். இதற்கு முந்தைய ஏட்டம், செலரான் சில்லுகளோடு இன்றும் 'புத்தம் புதிது' என்று விற்பவற்றை நெருங்க வேண்டாம்.

சூடு உண்மையான குறைதான். வெப்பத்தை வெளியே தள்ளுவதற்குச் சுற்றியுள்ள காற்று குளிர்ந்திருக்க வேண்டும். அறையே 38 டிகிரியில் இருந்தால் உள்ளே இருக்கும் சிறு உலோகத் தகடு எங்கே போய்க் குளிரும்? சில்லு தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விசிறி உள்ள மாடல்களில் அது சிறியதாக இருப்பதால் வேகமாகச் சுழன்று கீச்சென்று ஒலிக்கும். அமைதியான கூட்ட அறையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மே மாதத்தில் மெத்தைமேல் வைத்துப் பயன்படுத்துவதும், சார்ஜரிலேயே இரவு முழுவதும் விடுவதும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். டச்பேட் மேலே எழும்பி வந்தாலோ, மூடி சரியாக மூடவில்லை என்றாலோ, பேட்டரி வீங்கத் தொடங்கிவிட்டது என்று கொண்டு உடனே நிறுத்துங்கள்.

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடுபவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. இந்தக் கருவிகள் பலவற்றில் இருப்பது டேப்லெட்டுக்காகச் செய்த செங்குத்துத் திரை. அதைப் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தியிருப்பதால், தொடக்கத் திரை 90 டிகிரி சாய்ந்து வரும். கருவி கெட்டுவிட்டதென்று கடைக்கு ஓட வேண்டாம். அமைப்பில் ஒரு வரி மாற்றினால் நேராகிவிடும்.

2010-இல் வாங்கிய 10 அங்குல நெட்புக் ஒன்று அலமாரியில் கிடக்கிறது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், 1 ஜி.பி. ராம். அதை உயிர்ப்பித்தால் புது மினி லேப்டாப் வாங்கும் செலவு மிச்சமாகுமா?

இணையத்துக்கென்றால் மிச்சமாகாது, எழுதுவதற்கு மட்டும் என்றால் ஆகும். ஈ பிசி தொடங்கி வைத்த நெட்புக் அலை, 2010-இல் ஐபேட் வந்தபின் வடிந்து, 2012 முடிவில் அசுஸே உற்பத்தியை நிறுத்தும் நிலைக்கு வந்தது. அந்தக் கருவிகள் பலம் குறைந்தவை என்பதோடு, மென்பொருளிலும் கட்டிப் போடப்பட்டவை. உங்களிடம் உள்ள விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். இயங்கினால், உள்ளே இருக்கும் ஏட்டம் செயலி எந்த வகை என்று பாருங்கள். என்450 என்றால் 64 பிட் லினக்ஸ் ஏற்கும். என்270 என்றால் 32 பிட் மட்டுமே. டெபியன் என்ற லினக்ஸ் வகை தன் 13-ஆம் பதிப்பிலிருந்து 32 பிட்டுக்கான நிறுவல் கோப்பைக் கைவிட்டுவிட்டதால், பழைய 12-ஆம் பதிப்பையோ ஆன்டிஎக்ஸ் போன்ற இலகுவான லினக்ஸையோ நாட வேண்டும். ராமை 2 ஜி.பி. ஆக்குவதும், பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டுச் சிறிய சாட்டா எஸ்.எஸ்.டி. போடுவதும் பெரிய செலவல்ல. இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் எஸ்.எஸ்.டி.யைப் போடுங்கள். யூடியூப் திக்கித் திணறும், இன்றைய இணையதளங்கள் பல திறப்பதற்குள் பொறுமை போய்விடும். லிப்ரே ஆஃபீஸில் தமிழ் எழுதவும், பி.டி.எஃப். படிக்கவும், கணக்கு எழுதி வைக்கவும் உதவும்.

1024-க்கு 600 அளவுள்ள அந்தத் திரையில் சில நிரல்களின் 'சரி' பொத்தான் அடி விளிம்புக்குக் கீழே மறைந்துவிடும். லினக்ஸில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தின் எந்தப் பகுதியையும் சுட்டியால் பிடித்து மேலே இழுத்தால், பொத்தான் கண்ணில் படும்.